அத்தியாயம் 7: குளியலறை மூலைக்குச் சிமெண்டா, சிலிகானா?

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்தவர்கள், வருஷம் ஒன்று கழிவதற்குள், கதவை இழைத்த தச்சரையும் சுவருக்கு வர்ணம் பூசியவரையும் எப்படியோ மன்னித்துவிடுகிறார்கள். குளியலறையில் டைல்ஸ் பதித்த மேஸ்திரியை மட்டும் அவர்கள் எளிதில் மன்னிப்பதில்லை. சுவரும் சுவரும் கூடுகிற மூலையிலும், சுவரும் தரையும் கூடுகிற விளிம்பிலும், பதித்த நாளில் வெள்ளை வெளேரென்று இருந்த கோடு, சில மாதங்களுக்குள் நடுவே பிளந்து, பிளவின் ஓரம் கறுத்து, ஓரிரண்டு மழைக்காலம் போவதற்குள் பின்பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஓதமாகத் தலைகாட்டிவிடுகிறது. புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை முதலிய பகுதிகளில் மாடி வீடு கட்டியிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இந்த விருத்தாந்தத்தை ஏதேனும் ஒரு ரூபத்தில் சொல்லாதவர் அபூர்வம். மேஸ்திரியின் கைவேலையில் குறையிருக்கக்கூடும். ஆயினும், அந்த மூலைக்கென்று தேர்ந்தெடுத்த பொருளே பிசகாக இருந்துவிட்டால், எத்தனை தேர்ந்த கையாலும் அதைக் காப்பாற்ற இயலாது. ஆகையால் பொருளைப் பற்றியே இந்த அத்தியாயத்தில் விஸ்தாரமாகப் பேசுவோம்.

முதலில், பழைய வீட்டுக்கும் இன்றைய வீட்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பார்ப்போம். 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினர் தங்கள் இந்தியப் பிரதேசங்களைக் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சி வட்டாரங்களாகப் பிரித்தபோது, உழவர்கரையும் தனக்கென்று ஒரு மேயரை உடைய கொம்யூன் ஆயிற்று. அந்நாளைய காரை வீடுகள் கனத்த செங்கற்சுவரும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தவை. குளியலோ கிணற்றடியிலும் கொல்லைப்புறத் தொட்டியருகிலும் நடந்தது. சுண்ணாம்புச் சாந்து மெல்ல இறுகும் சுபாவமுடையது. சுவர் சற்றே அசைந்தால் தானும் இசைந்து கொடுக்கும். மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தாலும், ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அந்த வெடிப்பிலேயே திரும்பப் படிந்து, ஓரளவுக்குத் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். இன்றைய வீடு வேறு ஜாதி. கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் ஓர் எலும்புக்கூடாக நிற்க, இடையிடையே நாலரை இஞ்சுச் சுவர் அடைத்து, மேலே சிமெண்ட் பூசி, அதன்மேல் நீர் உறிஞ்சாத பளபளப்பான டைல்ஸ் ஒட்டி, அவ்வளவையும் முதல் மாடியில் ஏற்றி வைத்திருக்கிறோம். இதில் ஒவ்வோர் அங்கமும் விறைப்பானது. அதே சமயத்தில் ஒவ்வொன்றும் தன் போக்கில் அசைந்துகொண்டுமிருப்பது.

அசைகிறதா என்று வியப்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. சிமெண்டும் கான்கிரீட்டும் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் தங்கள் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழப் பத்துப் பங்கு நீள்கின்றன. மேற்கு வெயில் முழுவதையும் வாங்கும் மூன்று மீட்டர்ச் சுவர் ஒன்று, சித்திரை மாதத்துப் பிற்பகலுக்கும் விடியற்காலைக்கும் இடையே பதினைந்து டிகிரி மாறுமானால், கிட்டத்தட்ட 0.45 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. இது போதாதென்று, புதுக் கட்டடத்தின் சிமெண்ட் முதல் ஓரிரு ஆண்டுகளில் உலர்ந்து சுருங்குவதும், குளியலறைத் தரையைத் தாங்கும் தளம் பாரத்தால் நூலளவு தொய்வதும் உண்டு. மூலையின் இருபுறமும் உள்ள சுவர்கள் வெவ்வேறு திசையில் வெயில் காய்பவை. ஆதலால் இரண்டும் ஒருமித்து அசைவதில்லை. இறுகிய சிமெண்ட்டோ தன் நீளத்தில் பத்தாயிரத்தில் ஓரிரண்டு பங்குக்கு மேல் இழுபட்டால் வெடித்துப்போகும் பொருள். மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மூலையில் சிமெண்டைத் திணித்தால், அது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு இழுப்பைக்கூடத் தாங்காது. நாம் அதனிடம் எதிர்பார்ப்பதோ அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சமமான சுவர்ப்பரப்பின் நடுவிலுள்ள இடுக்குகளில் இதே சிமெண்ட், கிரௌட் என்னும் இடுக்கு நிரப்பும் சாந்தாக, ஆண்டுக்கணக்கில் குறைவின்றி நிற்பதற்கும் காரணம் இதுவே. அங்கே இருபுறத்து டைல்களும் ஒரே சுவரின் பிள்ளைகள், சேர்ந்தே அசைகின்றன. தளம் திரும்பும் இடத்தில்தான் இந்த ஒற்றுமை முறிகிறது. வட அமெரிக்க டைல் மன்றம் வெளியிடும் கைநூலின் இ.ஜே. 171 என்னும் பகுதி, இப்படித் தளம் திரும்புகிற ஒவ்வோர் இடத்திலும் கிரௌட்டை விலக்கி, நெகிழும் சீலண்டால் நிரப்ப வேண்டும் என்று விதிக்கிறது. நம்மூர்க் கட்டட ஒப்பந்தங்களில் இந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொள்பவர்கள் மிகச் சிலரே.

கிரௌட் வகைகளைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்லலாம். ஏனெனில் மூலைக்கு அவற்றுள் எதுவும் உகந்ததில்லை. மேஸ்திரிகள் இன்றும் கைக்கு முதலில் எடுப்பது வெள்ளைச் சிமெண்ட். மணலோ வேறு சேர்மானமோ இல்லாமல் வெறுமனே நீர் விட்டுக் குழைத்த வெள்ளைச் சிமெண்ட் உலரும்போது மிகவும் சுருங்குவது; சுவர்ப்பரப்புக்கே அது இரண்டாந்தரம்தான். பாலிமர் கலந்து பொட்டலமாக வரும் டைல் கிரௌட் அதனினும் மேல். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த இடுக்குக்கு மணலில்லாததும், அதற்கு மேற்பட்ட இடுக்குக்கு நுண்மணல் சேர்ந்ததும் வாங்கவேண்டும். எபாக்சி கிரௌட் விலையில் எல்லாவற்றையும் விஞ்சியது. கறை பிடிக்காது, நீரை உறிஞ்சாது, ஆசிட்டுக்கும் அஞ்சாது. குளியலறைத் தரையின் இடுக்குகளுக்கு அதைவிடச் சிறந்த பொருளை நான் சொல்ல மாட்டேன். கோடைக்காலத்தில் மட்டும் அதைச் சிறு சிறு பங்காகக் கலக்கச் சொல்லுங்கள்; நம் ஊர் வெக்கையில் கிண்ணத்திலேயே இறுகி, டைலின் முகத்தில் அப்பியது துடைக்கப்படாமல் நின்றுவிடும். எனினும் எபாக்சியும் விறைப்பான பொருளே. அது தானாகப் பிளக்காத அளவுக்கு வலுவுடையதாக இருக்கலாம். அப்போது அதற்குப் பதிலாக டைலின் ஓரமோ, டைலுக்கும் பூச்சுக்கும் இடையிலுள்ள பிடிப்போ விட்டுக்கொடுக்க நேரும். விலையுயர்ந்த கிரௌட்டை மூலைக்கும் சேர்த்துப் பூசிவிட்டால் கவலையில்லை என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, "அப்படின்னா மூலைக்குச் சிலிகானே வெச்சிடுங்க மேஸ்திரி" என்று வீட்டுக்காரர் சொன்னால், மேஸ்திரி சிரித்துக்கொண்டே மறுமொழி சொல்வார்: "எத்தனையோ பாத்ரூம் பாத்தாச்சுங்க ஐயா. சிலிகான் வெச்சா ரெண்டு வருஷத்துல தோல் மாதிரி உரிஞ்சு கையோட வந்துடும். வெள்ளைச் சிமெண்டுன்னா வெடிச்சா மேல இன்னொரு கை பூசிக்கலாம்." அனுபவசாலியின் இந்த வார்த்தையில் பாதி உண்மை இருக்கிறது. உரிந்து வருவதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அது ஏன் உரிந்தது என்பதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும். அப்படி உரிந்து வந்த ஒரு துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால், காரணம் அதன் முதுகிலேயே இருக்கும்: மாவு பூசினாற்போல் பழைய சிமெண்ட்டின் பொடி ஒட்டியிருக்கும், சோப்பு அழுக்கு இழைந்திருக்கும், நடுவில் தடித்தும் இருபுறமும் காகிதம்போல் மெலிந்தும் இருக்கும். வெடித்த வெள்ளைச் சிமெண்டைச் சுரண்டாமலே, ஈரம் காயாமலே, அதன் தலைமேல் சிலிகானை விரலால் தீற்றியிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள இடமே இல்லாத பொருள் உரியாமல் என்ன செய்யும்?

சிலிகானின் பிறப்பைப் பற்றி இடையே ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரப் பேராசிரியர் ஃபிரெடெரிக் கிப்பிங் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் சிலிக்கனின் கரிமச் சேர்மங்களை ஆராய்ந்து, 1930களில் தம் பணியின் அந்திமக் கட்டத்தில், இத்துறையில் உடனடியான, முக்கியமான முன்னேற்றம் எதுவும் ஏற்படும் என்று தோன்றவில்லை என்னும் பொருள்படப் பேசினார். 1943-லேயே அமெரிக்காவில் டவ் கார்னிங் என்னும் நிறுவனம் அச்சேர்மங்களைத் தயாரிப்பதற்கென்றே தோன்றிவிட்டது. இன்று புதுச்சேரியின் ஹார்டுவேர் கடை ஒவ்வொன்றிலும் 280 முதல் 300 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள குழாய்களாகச் சிலிகான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அடுக்கில் கை வைக்கும் முன் இரண்டு ஜாதிகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று அசிடாக்சி, அதாவது இறுகும்போது காடியின் நெடி வீசுவது. விலை மலிவு, விரைவில் தோல் கட்டும், கண்ணாடிக்கு மிகப் பொருத்தம். ஆனால் அது வெளியிடும் அமிலம் சுண்ணாம்புத்தன்மையுள்ள சிமெண்ட் பரப்போடு வினைபுரிந்து பிடிப்பைக் கெடுக்கும். பித்தளைக் குழாய்ப் பொருத்துகளையும் முகம்பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சையும் அரிக்கும். பளிங்கில் கறை போடும். மற்றொன்று நியூட்ரல்; இதில் அமிலம் கிடையாது; சிமெண்ட், டைல், கல், உலோகம் எல்லாவற்றோடும் இணங்கிப் போகும். டைல் மூலைக்கு இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். அதிலும் 'சானிட்டரி' என்று குறித்தது பூஞ்சைக்கொல்லி சேர்ந்தது. விலை வித்தியாசத்தைப் பார்த்துக் கடைக்காரர் முதலாவதையே எடுத்து நீட்டினால், குழாயின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நீரில் கலந்த அக்ரிலிக் சீலண்ட் என்றும் ஒன்று உண்டு. அதன்மேல் பெயிண்ட் அடிக்கலாம் என்பது அதன் விசேஷம் (சிலிகான்மேல் பெயிண்ட் ஒட்டாது). ஜன்னல் சட்டத்துக்கும் கதவு நிலைக்கும் அது தகும். உலரும்போது சுருங்குவதாலும், ஓயாத ஈரத்தில் பிடிப்புத் தளர்வதாலும் குளிக்கும் இடத்துக்கு ஆகாது.

பொருள் சரியாக அமைந்தபின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் வேலைகள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றன. ஐ.எஸ்.ஓ. 11600 என்னும் அகில உலகத் தரநிர்ணயத்தின்படி '25' வகுப்பைச் சேர்ந்த சீலண்ட் தன் அகலத்தில் கால் பங்கு விரியவும் கால் பங்கு சுருங்கவும் தாங்கும். ஐந்து மில்லிமீட்டர் அகலமான இடைவெளியில் அது 1.25 மில்லிமீட்டர் அசைவை ஏற்றுக்கொள்ளும், முன்சொன்ன 0.45 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியானால் அரை மில்லிமீட்டரோடு அதன் சக்தி தீர்ந்துபோகும். டைல்ஸ் 'இடைவெளியே தெரியாமல்' ஒட்டியிருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களே பிடிவாதம் பிடிப்பதால், மேஸ்திரி மூலையில் டைலோடு டைலை இடித்து வைத்துவிடுகிறார். பிறகு சிலிகானுக்கு உள்ளே புக வழியேது? பதிக்கும்போதே மூலைகளில் ஐந்து மில்லிமீட்டர் விட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரு சுவரின் டைல் மற்றச் சுவரின் டைல் ஓரத்தை மறைத்து நிற்பதால், பார்வைக்கு அவ்வளவு அகலம் தோன்றாது. இடைவெளியின் அடித்தளத்திலும் சிலிகான் ஒட்டிக்கொண்டால் அது இருபுறமும் தாராளமாக நீள முடியாமல் கிழியும். ஆகவே ஆழமான இடைவெளியில் நுரைக் கயிற்றையும், ஆழமற்றதில் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பையும் அடியில் இட்டு, பக்கத்துச் சுவர்கள் இரண்டில் மட்டும் ஒட்டும்படி செய்வது உத்தமம்.

வேலைக்கு உகந்த காலம் தை, மாசி. சிலிகான் இறுகுவதற்குக் காற்றிலுள்ள ஈரம் தேவை; நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் வீதம் அது உள்ளே இறுகிச் செல்கிறது; கடற்காற்று வீசும் நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. ஆனால் அது ஒட்டவேண்டிய சுவரோ உலர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிக்கிடக்கும் சுவரின் இடுக்கில் எந்த உயர்ந்த சிலிகானும் பிடிக்காது. பழைய கிரௌட்டை முழுவதும் சுரண்டி எடுத்து, முன்பே சிலிகான் இருந்திருந்தால் அதன் சாயல்கூட மிஞ்சாமல் பிளேடால் வழித்து (பழைய சிலிகான்மேல் புதியது ஒட்டாது), தூசி தட்டி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, அந்தக் குளியலறையை இரண்டு நாள் புழக்கமின்றிக் காயவிடுங்கள். இடைவெளியின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, குழாயின் மூக்கை இடைவெளியின் அகலத்துக்குச் சரிவாக வெட்டி, சிலிகானைப் பிதுக்கும் துப்பாக்கியை நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்து, சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒரே முறை அழுத்தி வழித்து, தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். இருமுறை மும்முறை தடவி அழகுபடுத்த நினைத்தால் கெட்டுப்போகும். பின்பு குறைந்தது இருபத்துநான்கு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது; கூட்டுக்குடும்பமாக இருந்தால் அன்றைக்கு வேறு குளியலறைக்கு ஏற்பாடு செய்துகொள்வது வீட்டுத் தலைவியின் சாமர்த்தியம்.

எவ்வளவு வாங்குவது? ஐந்து மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமுமான இடைவெளியில் 300 மில்லிலிட்டர்க் குழாய் ஒன்று பன்னிரண்டு மீட்டர் ஓடும். ஒன்றரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் அளவுள்ள குளியலறையில், கதவு போகத் தரையோரம் ஏழு மீட்டரும், குளிக்குமிடத்து மூலைகள் இரண்டும் சேர்ந்து நாலரை மீட்டருமாக, ஒரு குழாயே கணக்குக்குச் சரியாக வரும். கைப்பழக்கம் இல்லாதவர் இரண்டு வாங்கி வைப்பது நல்லது.

இனி, மூலையை எவ்வளவு செம்மையாக அடைத்தாலும் தீராத நோய் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலிகானும் கிரௌட்டும் நீர் உட்புகுவதைத் தடுக்கும் முதல் வேலிதான்; உண்மையான காவல், டைலுக்குக் கீழே பூசப்படும் நீர்த்தடுப்புப் பூச்சும், நஹானி டிராப்பை (தரை நீர் வடியும் துவாரத்தை) நோக்கித் தரைக்குக் கொடுத்த வாட்டமும் ஆகும். மாடிக் குளியலறைகளில் தளத்தைத் தாழ இறக்கி, பள்ளத்தைச் செங்கல் ஜல்லியிட்டு நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நீர்த்தடுப்பு இல்லையெனில், உள்ளே புகுந்த நீர் ஜல்லியில் தேங்கி, மூலையைப் புதிதாக அடைத்த பிறகும் பல வாரங்கள் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டிக்கொண்டேயிருக்கும். நீர் புகும் வழி எதுவென்று அறிய எளிய சோதனை உண்டு. டிராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரம் நீர் நிறுத்தி, ஒரு நாள் முழுவதும் அதற்கு மேலுள்ள சுவரை நனைக்காமல் விடுங்கள். கீழே கசிந்தால் குற்றம் தரையிலோ அதன் விளிம்பிலோதான். கசியவில்லையெனில், மறுநாள் ஷவரைத் திறந்து சுவர் மூலைகளின்மேல் மட்டும் நீர் விழச் செய்யுங்கள்; இப்போது கசிந்தால் மூலையும் குழாய் புகும் துவாரங்களும் சந்தேகத்துக்குரியவை.

இந்தச் சோதனைக்கு முன்னால் வானத்தையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையில் வெளிச்சுவரின் வெடிப்பு வழியே புகும் நீரும் குளியலறைச் சுவரின் பின்புறம்தான் ஓதமாகக் காணப்படக்கூடும். அதைப் பார்த்துக் குளியலறை மூலையைக் கொத்திப்போடுவது வீண் செலவு. மழை நின்று சில வாரங்களில் ஓதம் வெளிறிக்கொண்டே வந்தால் அது வெளிச்சுவரின் குற்றம். பங்குனி வெயிலிலும் குறையாமல், குளிக்கும் வேளைகளை ஒட்டி அதிகரித்தால் அது குளியலறையின் குற்றம்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளித்தபின் சுவர் மூலைகளை வைப்பரால் ஒருமுறை இழுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால், பூஞ்சை வருவது பெரிதும் குறையும்; சிலிகானிலுள்ள பூஞ்சைக்கொல்லி என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. ஆழ்குழாய் நீரின் வெள்ளை உப்புப் படிவைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது சிமெண்ட் கிரௌட்டைக் கரைத்துத் தின்கிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்ப்பவர்கள் உண்டு; அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

கடைசியாகக் கடையில் நிற்கும்போது ஒன்று. வெயில் படும் அலமாரியில் கிடந்த பழைய சிலிகான் இறுகும் சக்தியை இழந்துவிடும். பெரும்பாலான குழாய்களுக்கு ஆயுள் ஓராண்டு அளவே. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் ஒரு சொட்டை அட்டையில் பிதுக்கி வைத்து, அரை மணி நேரத்திலும் தோல் கட்டவில்லையானால் அந்தக் குழாயை மூலைக்கு உபயோகிக்காமல் கடைக்கே திருப்பிவிடுங்கள்.